பதினோரு வீட்டு டீசல்

ஒத்திகை நாளன்று காலை நகராட்சிக் குப்பை லாரியில் இருந்தவர்கள் ஏழு பேர். முன்னிருக்கையில் ஓட்டுநர். அவர் பக்கத்தில் நகர்மன்றத் தலைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், விசிலை மட்டும் ஓய்வு பெற விடாமல் கழுத்திலேயே மாட்டியிருப்பவர். பின்னால், குப்பை கொட்டும் பெட்டிக்குள், கூட்ட அறையிலிருந்து தூக்கி வந்து கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெஞ்சுகள். வலது பெஞ்சில் உறுப்பினர்கள் இருவர்: பல் டாக்டரும் தையல்கடைக்காரரும். மற்ற இரண்டு உறுப்பினர்களுக்கு, லாரியில் ஏறவேண்டும் என்று தெரிந்த மறுநிமிடமே காய்ச்சல் வந்துவிட்டது. இடது பெஞ்சில் வால்வுக்காரர், ஊர்க் குழாய்களைத் திறந்து மூடும் நீண்ட இரும்புச் சாவியைத் தூங்குகிற பிள்ளையைப்போல மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு. அவருக்கு அடுத்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் மனைக்காரர். இந்தப் பயணமே அவர் போட்டிருக்கும் புது மனைப்பிரிவுக்காகத்தான். பெஞ்சின் கடைசியில், பின்கதவுச் சங்கிலியைப் பிடித்தபடி செயலாளர்.

மனைக்காரர் செயலாளருக்கு அக்கா புருஷன். மனைப்பிரிவின் கோடியில் அக்கா வீடு. அக்கா வீட்டுக்கு அடுத்த மனை செயலாளருடையது. ஊர் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டு சாலையும் குழாயும் விளக்கும் போட்டுத் தந்தால் அங்கே வீடு எழும்பும். ஏற்காவிட்டால் அது முள்செடி முளைக்கிற நாலு கல் நட்ட இடம், அவ்வளவுதான். இது ஊரறிந்த விஷயம். செயலாளரே போன கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். “சொல்லாட்டா தெரியாதா, போற வர்றவங்ககிட்டயெல்லாம் பிளானைக் காட்டினியே,” என்று தலைவி அவரை உட்காரச் சொன்னார்.

உண்மைதான், காட்டினார். அந்த வீட்டை நினைத்தாலே செயலாளருக்குக் கால் தரையில் பாவுவதில்லை. இப்போது குடியிருக்கும் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருப்பார். “இன்னைக்கு இடது கன்னத்துல விட்டுட்டீங்க,” என்று செயலாளரின் கணவர் இங்கிருந்தே சொல்வார். அவரும் நன்றி சொல்லிவிட்டு மழிப்பார். அப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிற ஊர் அது. ஒரு வீட்டில் வெங்காயம் நறுக்கினால் மூன்று வீட்டில் கண்ணீர் வரும்.

ஒத்திகை என்பது அந்த நகராட்சியின் பழைய வழக்கம். ஒரு புதுத் தெருவை ஊர் ஏற்கும் முன், உறுப்பினர்கள் ஒருநாள் நகராட்சி வண்டியில் அங்கே போய், குப்பை எடுத்து, குழாய் விட்டு, விளக்கேற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் ஏற்பதும் மறுப்பதும். இதுவரை புதுத் தெரு என்றால் பழைய தெருவுக்கு அடுத்த தெரு. வண்டி கிளம்புகிற சத்தம் அடங்குவதற்குள் போய்ச் சேர்ந்து, தேநீர் குடித்து, கைதட்டிவிட்டு வந்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே, நடுவில் ஒரு வீடுகூட இல்லாமல், தனியாகப் போய் நிற்கும் இடத்துக்கு ஒத்திகை நடப்பது இதுதான் முதல் தடவை.

செயலாளர் எதையும் முறைப்படி செய்கிறவர். ஒத்திகைக்கு ஆன செலவு தனியாகத் தெரிய வேண்டும் என்று, முதல்நாளே லாரியின் டீசலை முழுக்க வடிக்கச் சொல்லிவிட்டார். காலையில் விதிப்படி புது டீசல் ஊற்றினார்கள். விதி எளிது: இத்தனை வீட்டுக்கு இத்தனை டீசல். எல்லாத் தெருவுக்கும் இதே கணக்குதான், இதுவரை ஒரு சொட்டு கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. புது மனைப்பிரிவில் குடிவந்த வீடுகள் பதினொன்று. பதினோரு வீட்டுக்கான டீசல் ஒரு சின்ன கேனில் வந்தது.

ஓட்டுநர் கேனை ஆட்டிப் பார்த்தார். “அம்மா, இது லாரிக்கா, லாரி கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தா?”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்,” என்றார் செயலாளர். “பதினோரு வீடுதானே?”

“வீடு பதினொண்ணுதான்,” என்று ஓட்டுநர் இழுத்தார். அதற்குள் தலைவி விசிலை ஊதிவிட்டார். விசில் ஊதினால் லாரி கிளம்பியாக வேண்டும்.

ஊரைத் தாண்டும் வரை எல்லோரும் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊரின் கடைசி விளக்குக் கம்பமும், கழிவுநீரை இறைக்கும் பம்பு வீடும் பின்னால் போனதும் காற்று வந்தது. காற்று வந்ததும் பெரிய மனிதர்கள் எல்லோரும் பள்ளிக்கூட வண்டியில் போகிற பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். பல் டாக்டர் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். தையல்கடைக்காரர் அவருடைய சட்டைப் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு, “தையல் தாங்காது டாக்டர், நான்தான் தைச்சேன், எனக்குத் தெரியும்,” என்றார்.

“பினாயில் வாடையைத் தவிர ஒண்ணும் வரலையே. லாரியைக் கழுவினாங்களா, லாரியைப் பினாயில்ல ஊற வச்சாங்களா?” என்றார் டாக்டர்.

“போகும்போது பினாயில். வரும்போது பாருங்க,” என்றார் வால்வுக்காரர். அவர் பேசினதே அபூர்வம் என்பதால் எல்லோரும் சிரித்தார்கள்.

சாலையின் இருபுறமும் வெட்டவெளி. நடுநடுவே மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள். “இது யாரு இடம்?” என்று தையல்கடைக்காரர் கேட்டார்.

“நம்மளுதுதான்,” என்றார் மனைக்காரர், முகமெல்லாம் பல்லாக. “அந்தக் கோடி வரைக்கும் நம்மளுது.”

“அப்போ எதுக்குங்க கோடியில போய் வீடு கட்டியிருக்கீங்க? பந்தியில கடைசி இலையில இருந்து பரிமாறுற மாதிரி?”

“காத்து, சார். அங்க காத்து அப்படி.”

காற்று அப்படித்தான் இருந்தது. அக்கா வாசலில் நின்று கையாட்டினாள். பதினோரு வீட்டாரும் குப்பைக் கூடைகளோடு மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பதுபோல வரிசையில் நின்றார்கள். தலைவி விசில் ஊத, குப்பை ஏறியது. நேற்றே கொண்டுவந்து நட்ட தற்காலிகக் கம்பத்தில் ஒரு விளக்கு, பட்டப்பகலில், பக்கத்து வீட்டு மின்சாரத்தில் எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா வீட்டில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

செயலாளர் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு தன் மனைக்குப் போனார். முள்செடிக்கு நடுவே நின்று, “இது கூடம்,” என்று ஓர் அடி வைத்தார். “இது அடுக்களை.” இன்னும் இரண்டு அடி. “இங்க ஜன்னல்.” ஜன்னல் வரப்போகிற இடத்தில் நின்று பார்த்தார். கண்ணுக்கு எட்டின தூரம் எவரும் சவரம் செய்யவில்லை. அவருக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது.

“என்னடி, தனியா நின்னு சிரிக்கிற?” என்று அக்கா வந்தாள்.

“அக்கா, நான் என் அடுக்களையில நிக்கிறேன்.”

“உன் தலை. அது குளியலறை. பிளானைத் தலைகீழாப் பிடிச்சிருக்க.” அக்கா தங்கையின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். “ஊர் ஏத்துக்கிச்சுன்னு எழுதற கடிதாசை ஒழுங்கா எழுதிடு. உங்க அத்தான் தண்ணி லாரிக்கு ஆள் அனுப்பி அனுப்பி எனக்கே அலுத்துப்போச்சு.”

திரும்புகையில் லாரி பாதி வழியைக்கூடத் தாண்டவில்லை. முதலில் ஓர் இருமல். பிறகு ஒரு விக்கல். பிறகு, உரையை முடிக்கத் தெரியாமல் உட்கார்ந்துவிடும் பேச்சாளரைப்போல, நின்றேவிட்டது.

ஓட்டுநர் இறங்கி, தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்து, குச்சியைச் செயலாளரிடம் நீட்டினார். குச்சி காய்ந்திருந்தது. “பதினோரு வீட்டு டீசல் தீர்ந்துபோச்சு அம்மா. பதினோரு வீட்டுக்கும் போயிட்டோம். திரும்பி வர்றதுக்கு வீடு இல்லையே.”

செயலாளர் குச்சியையே பார்த்தார். ஊருக்குள் வீடும் தூரமும் ஒன்றாகவே போயின. வீட்டை எண்ணினால் தூரத்தை எண்ணின மாதிரி. இங்கே வீடு கையளவு, தூரம் கடலளவு. இதை ஒருவர்கூட யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவர் யார் என்பதும் அவருக்குத் தெரிந்தது. பயமாக வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார் மனைக்காரர்.

“நாளைக்கும் இதே லாரி வரணும் அத்தான். நாளன்னைக்கும் வரணும்.”

அந்த நேரம் பார்த்துத் தலைவியின் போன் அடித்தது. கணவர். ஒலிபெருக்கி மாதிரி குரல், எல்லோருக்கும் கேட்டது. “கடைத்தெருக் குழாய் வெடிச்சிருச்சு. முழங்கால் தண்ணி. கடைக்குள்ள செருப்பெல்லாம் மிதக்குது. வால்வுக்காரரை உடனே அனுப்பு.”

ஏழு பேரும் வால்வுக்காரரின் மடியைப் பார்த்தார்கள். ஊருக்கே அந்த ஒரு சாவிதான்.

“அவர் இங்க என்கூட இருக்காருங்க,” என்றார் தலைவி மெதுவாக.

“அங்கதான் குழாயே இல்லையே. அங்க அவருக்கு என்ன வேலை?”

“ஒத்திகை,” என்றார் தலைவி. மறுமுனையில் சற்று நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

டீசலுக்குச் சொல்லலாம் என்றால் டீசல் கடையும் கடைத்தெருவில்தான். கடைக்காரர் டீசல் பம்புக்கு மேல் ஏறி உட்கார்ந்திருப்பதாகச் சேதி வந்தது. கொஞ்சம் தள்ளிச் சாலை ஊர்ப்பக்கமாகச் சரிகிறது என்று ஓட்டுநர் சொன்னார். அதுவரை தள்ளிவிட்டால் போதும், மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

தலைவி கீழே இறங்கினார். முப்பது வருஷம் பிள்ளைகளை ஓடவிட்ட உடம்பு; இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை பார்த்தார். “டாக்டர் இடது பக்கம். டெய்லர் வலது. வால்வுக்காரர் சாவியை உள்ள வச்சிட்டு நடுவுல வாங்க. மனைக்காரரே, சட்டையைப் பாத்தா வண்டி நகராது. நான் ஊதும்போது தள்ளணும். ஊதாதப்போ மூச்சு விடணும்.”

விசில். லாரி ஒரு முழம் நகர்ந்தது. பதினோரு வீட்டுக் குப்பையும் வெயிலில் விழித்துக்கொண்டது. விசில். இன்னொரு முழம். “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்,” என்று தையல்கடைக்காரர் முனகினார். “பதினோரு கூடை குப்பைக்கு ஒரு நகராட்சியே தள்ளுது.”

“பேசினா மூச்சு போகும்,” என்றார் டாக்டர்.

“உங்க வேலை அப்படி. வர்றவங்களை வாயைத் திறக்கச் சொல்லிட்டுப் பேசவிட மாட்டீங்க.”

விசில்.

மனைக்காரரின் வெள்ளைச் சட்டையில் லாரியின் பின்கதவு அப்படியே அச்சு விழுந்திருந்தது, நகராட்சி எண்ணோடு. அதைப் பார்த்து வால்வுக்காரர் சிரித்து, லாரியைத் தள்ள மறந்தார். அவரைப் பார்த்து டாக்டர் சிரித்தார். தலைவி ஊதலாம் என்று பார்த்தால் அவருக்கும் சிரிப்பு. விசிலிலிருந்து வெறும் காற்று வந்தது. அந்த நேரத்தில் லாரி தானாக நகர ஆரம்பித்தது.

“சரிவு,” என்று கத்தினார் ஓட்டுநர். “ஏறுங்க, நிக்காது.”

ஏறினார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்து, குப்பைக் கூடைமேல் விழுந்து, எப்படியோ எல்லோரும் உள்ளே இருந்தார்கள். இந்தத் தடவை தலைவியும் பின்னால். என்ஜின் சத்தமே இல்லாமல் லாரி இறங்கியது. காற்று மட்டும். முட்டை ஓடுகள் மேலே பறந்தன. டாக்டர் எதற்கோ பாட ஆரம்பித்தார். வாழ்நாளில் பாடியிராத தையல்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் வேறு வேறு பாட்டு.

செயலாளர் சங்கிலியைப் பிடித்தபடி பக்கவாட்டில் பார்த்தார். மஞ்சள் கல், வெட்டவெளி, மஞ்சள் கல், வெட்டவெளி. மனைக்காரர் ஆனந்தத்தில் அவர் காதருகே வந்தார்.

“பாரு மச்சினி, எவ்வளவு இடம். குழாய் மட்டும் கோடி வரைக்கும் போயிடட்டும். வழியில இருக்கிறதெல்லாம் தங்கம் ஆயிடும். அப்பறம் நான் சொல்றதுதான் விலை.”

“அதுக்குத்தான் கோடியில இருந்து வித்தீங்களா அத்தான்?”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “காத்துக்காகன்னு சொன்னேனே.”

“குழாய் ஊரோடது. விலை உங்களோடது. காத்து மட்டும் எங்களுதா?”

லாரி மெல்ல மெல்லக் களைத்து, ஊரின் முதல் வீட்டுக்குச் சற்று முன்னால், பம்பு வீட்டு வாசலில், கடைசி விளக்குக் கம்பத்தை உரசினாற்போல நின்றது. வால்வுக்காரர் ஒரே குதி. சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் அவர் ஓடின ஓட்டத்தைப் பார்த்து, “இவரை என் காலத்துல பார்க்காமப் போனேனே,” என்றார் தலைவி.

ஒத்திகை முடிந்ததும் முடிவெடுக்க வேண்டும், விதி. அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று சேதி. ஆகவே கூட்டம் லாரியிலேயே நடந்தது. டாக்டர் ஏற்கலாம் என்றார். தேநீர் கொடுத்திருக்கிறார்கள், முகத்தில் அடிக்கக் கூடாது. தையல்கடைக்காரர் கூடாது என்றார். துணி இருக்கிற அளவுக்குத்தான் சட்டை, கையை நீட்டி வைத்தால் முதுகு திறந்துகொள்ளும். இருவரும் தலைவியைப் பார்த்தார்கள். தலைவி செயலாளரைப் பார்த்தார்.

“நீ எழுது. நீ எழுதுறதுல நான் கையெழுத்துப் போடறேன்.”

“மேடம், எனக்கு அங்க மனை இருக்கு.”

“அதனாலதான் உன்கிட்ட விடறேன். எங்களுக்கெல்லாம் இது ஒருநாள் கூத்து. இங்க இருக்கிறவங்கள்ல அந்த லாரியைத் தினமும் எதிர்பாக்கப் போறவ நீ ஒருத்திதான். வருமா வராதான்னு நீயே சொல்லு.”

மனைக்காரர் அவரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். செயலாளருக்கு அந்த ஜன்னல் கண்முன் வந்து நின்றது. காற்று அதன் வழியாக வந்து கன்னத்தில்கூடப் பட்டது. “ஏற்கப்படுகிறது.” ஒரே சொல்தான். எழுதிவிடலாம். எழுதினால் வீடு. வீட்டு வாசலில் தினமும் குப்பை. ஊருக்குள் குழாய் வெடிக்கும்போதெல்லாம் சாவி அங்கே கோடியில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்.

அவர் பெஞ்சின் முன் குந்தி உட்கார்ந்து, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். எழுத எழுத, தள்ளிக்கொண்டு வந்த களைப்போ சரிவில் இறங்கின மயக்கமோ, அடிவயிற்றில் மறுபடி சிரிப்பு புரண்டது. சிரித்தபடியே எழுதினாலும் எழுத்து கோணவில்லை.

எழுதினது இதுதான்: ஊர் இந்தக் கடைசிக் கம்பத்திலிருந்து தொடங்கி, வீடுகள் இடைவெளியில்லாமல் எதுவரை வருகின்றனவோ அதுவரை சாலையும் குழாயும் விளக்கும் கொண்டுவரும். கோடியில் உள்ள பதினோரு வீடுகளுக்கும் இடைவெளி நிரம்பும் வரை தண்ணீரும் குப்பையும் மனைக்காரர் பொறுப்பு. கோடியில் மனை வாங்கி இன்னும் வீடு கட்டாதவர்கள் விரும்பினால், முன்பக்கத்தில் அதே அளவு மனையை அதே விலைக்கு அவர் மாற்றித் தர வேண்டும். தரச் சம்மதித்தால்தான் மனைப்பிரிவுக்கு அனுமதி.

தலைவி படித்தார். “முன்பக்கம்னா எது? இந்தப் பம்பு வீட்டுப் பக்கமா?”

“ஆமா மேடம்.”

“நாத்தம் வருமே.”

“எனக்கு இன்னைக்கு மூக்கு பழகிடுச்சு.”

டாக்டர் தன்மேல் ஒட்டியிருந்த தேயிலைச் சக்கையைத் தட்டிவிட்டுக் கையெழுத்திட்டார். தையல்கடைக்காரர் பேனாவை ஊசி பிடிப்பதுபோலப் பிடித்துக் கையெழுத்திட்டார். மனைக்காரர் சட்டையில் விழுந்திருந்த நகராட்சி எண்ணைத் துடைத்துப் பார்த்தார். பிறகு, “சொந்த மச்சினியே இப்படிக் கால வாருவான்னு நினைக்கலை,” என்றார்.

“வாரலை அத்தான். காலை ஊருக்குள்ள எடுத்து வைக்கச் சொல்றேன்.”

“உங்கக்காகிட்ட நீயே சொல்லிக்கோ.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேதி அதற்குள் போய்விட்டது. போன் அடித்தது. “உனக்கு என் பக்கத்துல இருக்கப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாம்,” என்றாள் அக்கா.

செயலாளருக்குச் சிரிப்பு அடங்கியது. அன்றைக்கு முதல் தடவையாக. “பிடிக்குது அக்கா,” என்றார். “அதனாலதான் நான் முன்னாடி வர்றேன். அத்தானை மீதி மனையை இங்கேருந்து விக்கச் சொல்லு. ஒவ்வொரு வீடா வந்தா, குழாயும் உன் பக்கம் வந்துட்டே இருக்கும்.”

“எப்போ வந்து சேருமாம்?”

“உன் வீட்டுக்காரர் எவ்வளவு சீக்கிரம் விக்கிறாரோ அவ்வளவு சீக்கிரம்.”

“அப்படின்னா இன்னைக்கே விக்கச் சொல்றேன்,” என்று அக்கா போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னால் அவர் விற்பார். அது அந்த வீட்டில் எழுதப்படாத விதி.

மாலையில் அலுவலகத் தரையைத் துடைத்து முடித்ததும் செயலாளர் மேஜையில் உட்கார்ந்தார். கடைத்தெருத் தண்ணீர் வடிந்திருந்தது. டீசல் விதியை அடித்துவிட்டுத் தூரத்தையும் சேர்த்துப் புதிதாக எழுதியாகிவிட்டது. இனி அனுப்ப வேண்டிய உறைகள். மனைக்காரருக்கு முதல் பிரதி. பிறகு மனை வாங்கினவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. முறைப்படி எல்லோருக்கும் அஞ்சலில்தான் போக வேண்டும்.

கடைசி உறை மிஞ்சியது. மனை வாங்கினவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையதுதான். “அனுப்புநர்: செயலாளர், நகராட்சி,” என்று எழுதினார். “பெறுநர்” என்று எழுதி, எதிர்வீட்டுக்காரர் சவரம் செய்யும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் தன் வீட்டு முகவரியை எழுதினார். தரை துடைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்த வால்வுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“கையிலயே எடுத்துட்டுப் போகலாமே அம்மா.”

“எடுத்துட்டுப் போனா நான்தான் எனக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். நகராட்சி சொன்ன மாதிரி வரணும்.” பேசும்போதே மறுபடி உதடு துடித்தது. “அப்பறம் நான் நகராட்சியை நல்லாத் திட்டலாம் பாருங்க.”

வால்வுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். செயலாளர் உள்ளே கடிதத்தை மூன்றாக மடித்து வைத்து, உறையின் ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, நகராட்சி முத்திரையை நச்சென்று குத்தினார். எல்லா உறைகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருமுனை அஞ்சல் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டார். தன்னுடையதைக் கடைசியாகப் போட்டார்.